டிப்ஸ் யார் கைக்குப் போகிறது?

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தால் எவ்வளவு டிப்ஸ் வைக்க வேண்டும் என்றுதான் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். மதுரையில் சப்ளையராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு கோயம்புத்தூரில் ஒரு சைவ ஹோட்டலில் சர்வராக இருந்து, இப்போது சென்னையில் ஒரு ஏசி உணவகத்தில் சர்வர்களை மேற்பார்க்கும் கேப்டனாக இருக்கிறேன். இத்தனை வருஷமாக டேபிளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மனதாரக் கொடுக்கிற ஐம்பது ரூபாய், உங்களுக்குப் பரிமாறியவரைச் சேராமலே போய்விடுவதற்கு இன்றைக்கு நிறைய வழிகள் இருக்கின்றன.

மதுரையில் நான் சேர்ந்தது பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவுக் கடை. பரோட்டா, கறிதோசை, கலக்கி, சால்னா. பொழுது சாய்ந்தால் கூட்டம் தொடங்கும், நள்ளிரவு தாண்டியும் இலை போட்டுக்கொண்டே இருப்போம். நாள் கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, மாடியில் படுக்க இடம். வராத நாளுக்குக் கூலி கிடையாது. தமிழ்நாட்டில் சின்ன ஹோட்டல்கள் பலவற்றில் ஏற்பாடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எங்களில் பெரும்பாலானவர்கள் கூலியை அப்படியே சேர்த்து ஊருக்கு அனுப்பிவிடுவோம். சோப்பு, தலைக்கு எண்ணெய், போன் ரீசார்ஜ், ஊருக்குப் போகும்போது பஸ் காசு, பிள்ளைக்கு வாங்கிப் போகிற தின்பண்டம், இதெல்லாம் டிப்ஸிலிருந்துதான். டிப்ஸ் இல்லாவிட்டால் பட்டினி கிடக்க மாட்டோம், சாப்பாடுதான் அங்கேயே இருக்கிறதே. ஆனால் கையில் நமக்கென்று செலவு செய்ய ஒரு ரூபாய் இருக்காது. அதனால்தான் டிப்ஸைக் கூடுதல் வருமானம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

அந்தக் கடையில் அவரவர் டேபிளில் விழுவது அவரவருக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த டேபிள் யாருக்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஃபேனுக்குக் கீழே, குடும்பமாக வருகிறவர்கள் உட்காருகிற டேபிள்கள் பழைய ஆட்களுக்கு. கை கழுவுகிற இடத்தை ஒட்டி, தண்ணீர் தெறிக்கிற மூலை டேபிள் புதுசாக வந்தவனுக்கு. அங்கே தனியாளாக வந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் உட்காருவார்கள். உழைப்பில் வித்தியாசமில்லை, வருவதில் மட்டும் பெரிய வித்தியாசம்.

கோயம்புத்தூர் ஹோட்டலில் உண்டியல். யார் டேபிளில் விழுந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணிப் பங்கு பிரிப்பார். சர்வருக்கு ஒரு பங்கு, டேபிள் துடைக்கிறவர்களுக்கும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் அரைப் பங்கு. எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்தது, இப்போதும் பிடிக்கும். ஒரு மதியச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். இலை போடுகிறவர் ஒருவர், பொரியல் கூட்டு கொண்டுவருகிறவர் ஒருவர், சாதம் ஒருவர், சாம்பார் வாளி ஒருவர், ரசமும் மோரும் இன்னொருவர். அப்பளம் கேட்டால் ஓடிப்போய் எடுத்துவருகிறவர் இன்னும் ஒருவர். சாப்பிட்ட இலையை எடுத்து, டேபிளைத் துடைத்து, அடுத்தவருக்கு இடம் தயார் செய்கிறவரை உங்களுக்கு முகமே தெரிந்திருக்காது. கடைசியில் பில் கொண்டுவருகிறவர்தான் உங்கள் கண்ணில் படுகிறார், பணம் அவருக்குப் போகிறது. உண்டியல் இல்லாத ஹோட்டலில் மற்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

இதற்காக நீங்கள் ஆராய்ச்சி எல்லாம் செய்ய வேண்டாம். பில் வரும்போது, “டிப்ஸ் உங்களுக்கா, எல்லாருக்கும் பொதுவா?” என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், கேட்டவர்கள் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பொது என்றால் தட்டிலேயே வைத்துவிடலாம். தனித்தனி என்றால், உங்கள் இலையைக் கவனித்தவரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுங்கள். டேபிள் துடைக்கிற அம்மாவுக்குத் தனியாகப் பத்து இருபது கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அங்கே அவருக்குத்தான் எதுவும் வருவதில்லை.

சமையல்கட்டு வேறு கணக்கு. பரோட்டா மாஸ்டருக்கும் தோசை மாஸ்டருக்கும் எங்களைவிடச் சம்பளம் அதிகம், அதனால் பல இடங்களில் அவர்களுக்குப் பங்கு வைப்பதில்லை. நெருப்புக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கும் ஏதாவது போக வேண்டும் என்று தோன்றினால், நல்லா இருந்ததை முதலாளி காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போங்கள். மாஸ்டர்கள் அதை நாள் பூராவும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் போனில் பணம் கட்டும் காலம் வந்தது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

முன்பு எப்படி என்றால், பில் 280 ரூபாய், நீங்கள் ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுப்பீர்கள். கல்லாவில் இருக்கிறவர் விவரமானவராக இருந்தால் மீதி 220-ஐ இரண்டு நூறு, ஒரு இருபது என்று தர மாட்டார். ஒரு நூறு, ஒரு ஐம்பது, இரண்டு இருபது, மூன்று பத்து என்று பிரித்துத் தட்டில் வைத்து அனுப்புவார். தட்டில் பத்து ரூபாய்த் தாள் இருந்தால்தானே அதிலிருந்து ஒன்றிரண்டு விட்டுவிட்டுப் போக மனசு வரும். கல்லாக்காரருக்கும் சர்வர்களுக்கும் சண்டை வந்தால், அவர் வேண்டுமென்றே பெரிய தாளாகக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. எங்கள் டிப்ஸ் பெரும்பாலும் இந்தச் சில்லறையில்தான் இருந்தது. உங்களில் யாரும் உட்கார்ந்து சதவீதக் கணக்குப் போட்டு டிப்ஸ் வைத்ததில்லை. மீதி வந்தது, அதில் கொஞ்சத்தை விட்டீர்கள்.

2016-இல் யுபிஐ வந்தது. அதே வருஷம் நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். உடனே எல்லாம் மாறிவிடவில்லை, கொரோனாவுக்குப் பிறகுதான் முழுசாக மாறியது என்பது என் அனுபவம். இப்போது பில் 280 என்றால் போனில் சரியாக 280 போடுகிறார்கள். மீதி என்ற ஒன்றே இல்லை. சில்லறைத் தட்டும் இல்லை, சோம்புக் கிண்ணம் மட்டும் வருகிறது, போகிறது. வாடிக்கையாளர்களுக்கு மனசு சுருங்கிவிட்டது என்று எங்கள் ஆட்களில் சிலர் குறைப்படுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொடுக்க நினைக்கிறவர்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கையில கேஷ் இல்லையே தம்பி” என்று வருத்தப்பட்டுப் போவதைத் தினமும் பார்க்கிறேன். கொடுப்பதற்கு இருந்த வழி அடைபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

சரி, 280-க்குப் பதில் 300 என்று போனில் போட்டுவிட்டால் என்ன? இங்கேதான் கவனம் வேண்டும். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் முதலாளியின் கணக்குக்குப் போகிறது. அந்த இருபது ரூபாய் சர்வருக்கு வர வேண்டுமென்றால், கல்லாவில் இருப்பவர் அதை டிப்ஸ் என்று ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி ரொக்கமாக எடுத்துத் தர வேண்டும். சில ஹோட்டல்களில் ஒழுங்காகச் செய்கிறார்கள். எங்கள் உணவகத்தில் நோட்டு வைத்திருக்கிறோம், ஷிப்ட் முடியும்போது எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இதற்கு முன்னால் நான் இருந்த ஓரிடத்தில் அப்படி இல்லை. கூடுதலாக வந்தது எல்லாம் அன்றைய வியாபாரத்தோடு சேர்ந்துவிடும். கேட்டால், “எது டிப்ஸ், எது தப்பாப் போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்பார்கள். வாடிக்கையாளர் கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு போவார். சர்வருக்கு அவர் கொடுத்ததே தெரியாது, ஒரு நன்றிகூடச் சொல்லியிருக்க மாட்டான். இரண்டு பக்கமும் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

அதனால் பில்லோடு சேர்த்துப் போடுவதாக இருந்தால் கல்லாவில் வாய் திறந்து சொல்லுங்கள்: “இருபது ரூபாய் சேர்த்துப் போட்டிருக்கேன், அது அந்தத் தம்பிக்கு.” அந்தத் தம்பி பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பர்ஸில் எப்போதும் சில பத்து, இருபது ரூபாய்த் தாள்களை வைத்துக்கொள்ளுங்கள். நான் வெளியே சாப்பிடப் போகும்போது அப்படித்தான். பில்லைப் போனில் கட்டுவேன், டிப்ஸைக் கையில் கொடுப்பேன்.

சர்வரின் சொந்த நம்பருக்கு அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். அனுப்பலாம், ஆனால் அவரிடம் தனியாகக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சில முதலாளிகள் இதைக் கண்டிப்பாகத் தடுத்திருப்பார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பில் பணத்தையே தன் நம்பருக்கு வாங்கிக்கொண்டு ஏமாற்றிய ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே பில் தொகையும் டிப்ஸும் ஒன்றாகச் சர்வர் நம்பருக்கு ஒருபோதும் போக வேண்டாம். பில்லைக் கல்லாவில் கட்டி முடித்த பிறகு டிப்ஸைத் தனியாக அனுப்பினால் யாருக்கும் சிக்கல் வராது.

பரிமாறுகிறவர் பெண்ணாக இருந்தால் நம்பர் கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். டிப்ஸ் அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பியவர்களால் எங்கள் உணவகத்தில் ஒரு பெண் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. ரொக்கமாகக் கொடுங்கள், இல்லையென்றால் கேப்டனிடம் சொல்லிக் கல்லாவில் சேர்த்துக் கட்டுங்கள்.

கார்டில் கட்டும்போது டிப்ஸ் சேர்த்தால், அது ஹோட்டல் கணக்குக்குப் போய், பிறகுதான் ஊழியர்களுக்கு வரும். இந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஐடிசி ஹோட்டல் வழக்கில் 2016 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஊழியர்களுக்குப் போய்ச் சேரும் இந்த டிப்ஸைச் சம்பளமாகக் கணக்கிட்டு ஹோட்டல் வரி பிடித்திருக்க வேண்டும் என்பது வருமான வரித்துறையின் வாதம். டிப்ஸ் வாடிக்கையாளரிடமிருந்து வருவது, முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது, ஹோட்டல் அதை ஊழியர்களுக்காக நம்பிக்கையின் பேரில்தான் வைத்திருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கு வரியைப் பற்றியதுதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் உள்ள விஷயம் பெரியது. வாடிக்கையாளர் ஊழியருக்கென்று கொடுத்த பணம் முதலாளியின் வருமானம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் முதலாளியிடம் டிப்ஸ் நோட்டு வைக்க வேண்டும் என்று தைரியமாகக் கேட்டேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

இனி சர்வீஸ் சார்ஜ். இதில்தான் வாடிக்கையாளர்களுக்கு அதிகக் குழப்பம். பில்லில் சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் சேர்ந்து 5 சதவீதம், அது அரசாங்கத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு, “அதான் சர்வீஸுக்குப் போட்டுட்டீங்களே” என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எங்களுக்கு ஒரு பைசா கிடையாது. இதைத் தவிர, பெரிய உணவகங்கள் சிலவற்றில் 5 முதல் 10 சதவீதம் வரை சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அது வரி அல்ல, ஹோட்டலே போட்டுக்கொள்வது.

சர்வீஸ் சார்ஜ் முழுவதும் ஊழியர்களுக்குத்தான் போகிறது என்று நம்பித்தான் பலர் கட்டுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் உணவகத்தில் 10 சதவீதம் வாங்கினார்கள். அதில் ஒரு பகுதி நிர்வாகத்துக்கு. உடைந்த தட்டு, கிளாஸுக்கு ஒரு பகுதி. மிச்சம் இருப்பதில்தான் மேனேஜரிலிருந்து கிளீனர் வரை பங்கு, அதுவும் பதவிக்கேற்ற பங்கு. வாடிக்கையாளர் பில்லில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்தவுடன் தனியாக டிப்ஸ் வைக்க மாட்டார். மாசக் கடைசியில் டேபிளில் நின்றவர்களுக்கு வந்தது, சாதாரண ஹோட்டலில் உண்டியலில் வந்ததைவிடக் குறைவு. எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் நம்பிவிடாதீர்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி இதற்கு வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. சர்வீஸ் சார்ஜை ஹோட்டல்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. பிறகு 2025 மார்ச் 28-இல் அந்த நீதிமன்றம் வழிகாட்டு விதிகள் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்கு எந்தத் தடையும் இல்லை என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது.

ஆகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால், எடுத்துவிடச் சொல்லலாம். சர்வரிடம் சண்டை போடாதீர்கள். பில் போடுவது அவர் இல்லை, எடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. கேப்டனையோ மேனேஜரையோ கூப்பிட்டு நிதானமாகச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எடுத்த பிறகு நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மிச்சமான பணத்தில் ஒரு பங்கையாவது பரிமாறியவர் கையில் கொடுங்கள். சர்வீஸ் சார்ஜை வாதாடி எடுக்க வைத்துவிட்டு, ஒன்றும் வைக்காமல் எழுந்து போகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். முதலாளியிடம் காட்ட வேண்டிய கோபம், அன்றைக்கு நின்றவன் தலையில் விடிகிறது. சர்வீஸ் சார்ஜைக் கட்டிவிட்டீர்கள் என்றால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, கூச்சப்பட வேண்டாம்.

தொகைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் 20 சதவீதம் கணக்குப் போடுவார்கள். அங்கே சட்டமே வேறு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்த நாட்டின் மத்திய அரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-இலிருந்து அது ஏறவே இல்லை. மீதியை டிப்ஸ் ஈடுகட்டும் என்பது ஏற்பாடு, ஈடுகட்டாவிட்டால் முதலாளி தர வேண்டும். பல மாநிலங்களில் இதைவிட உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றாலும், அங்கே டிப்ஸ் இல்லாமல் எழுந்து போனால் கூலியில் பாதியைக் கொடுக்காமல் போன மாதிரி. நம் ஊரில் முதலாளி அப்படி டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது, குறைந்தபட்சக் கூலியை முழுசாகத் தர வேண்டும். ஆகவே இங்கே 20 சதவீதம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம், அது வேறு.

நான் பார்த்த வரைக்கும் நம் ஊரில் ஓரளவு நியாயமான அளவு இது. டிபன் சாப்பிட்டுவிட்டு நூறு ரூபாய் பில் வந்தால் பத்து ரூபாய். குடும்பமாக வந்து ஆறேழு நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டால் நாற்பது, ஐம்பது. ஏசி உணவகத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று போனால் 5 சதவீதத்துக்குக் குறையாமல், கவனிப்பு நன்றாக இருந்தால் 10 வரைக்கும். டோக்கன் வாங்கி, நீங்களே தட்டை எடுத்துக்கொண்டு நின்று சாப்பிடுகிற இடத்தில் தேவையில்லை. ஆனால் அங்கேயும் டேபிள் துடைப்பவர் இருக்கிறார். தினமும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் வைக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு முறை மொத்தமாகக் கொடுத்தால் போதும். மெஸ் ஊழியர்கள் அந்தப் பணத்தைத்தான் நம்பித் துணி எடுப்பார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் அதை மறந்துவிடாதீர்கள், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

கையில் இல்லாத நாளில் கொடுக்காமல் போவதில் எந்தத் தப்பும் இல்லை. காலேஜ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து காசு எண்ணி இரண்டு பிரியாணியைப் பங்கு போட்டுச் சாப்பிடும்போது, அவர்களிடம் யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. போகும்போது “வர்றோம்ணே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுவே போதும்.

கொடுக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழிந்த தாளை வேறெங்கும் மாற்ற முடியவில்லை என்று டிப்ஸ் தட்டில் தள்ளிவிடுகிறார்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி தமிழ்நாட்டில் பல ஊர்களில் ரொம்ப நாள் ஓடியது. எல்லா வடிவ நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிக்கையே விட்டது, இருந்தும் கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்றார்கள். அந்த நாட்களில் எங்கள் உண்டியல் முழுக்கப் பத்து ரூபாய் நாணயம்தான். சட்டப்படி அது நல்ல காசு, ஆனால் வாங்கியவர்கள் டீக்கடையில்கூட அதைக் கொடுக்க முடியாமல் நின்றார்கள். நீங்கள் கடையில் கொடுக்கத் தயங்கும் பணத்தை இன்னொருவருக்கு இனாமாகக் கொடுக்காதீர்கள்.

கைகழுவிவிட்டு ஈரக் கையோடு தாளை எச்சில் டேபிளில் வீசிவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். சாம்பாரில் நனைந்த தாளைத் துடைத்து எடுக்கும்போது எடுக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கையில் கொடுங்கள், இல்லை தட்டில் வையுங்கள். குழந்தையிடம் கொடுத்து, “மாமாகிட்ட குடு” என்று அனுப்புகிற அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் ஓடும்.

கூப்பிடும் முறை டிப்ஸை விட முக்கியம் என்பேன். விரலைச் சொடுக்கியும், டம்ளரை டேபிளில் தட்டியும், “ஏய்” என்றும் கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் நூறு ரூபாய் கொடுத்தால், வாங்கிக்கொள்வோம், ஆனால் மனசு ஆறாது. என்னோடு வேலை பார்த்தவர்களில் ஐம்பது வயது தாண்டியவர்கள் நிறைய. அவர்களைத் தம்பி என்று கூப்பிடாமல் அண்ணே என்று கூப்பிடுங்கள். இப்போது பீகார், ஒடிசா, அசாம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்து பரிமாறுகிறார்கள். தமிழ் தெரியாத பையனிடம், நாம் பேசுவது புரியாது என்று நினைத்துக்கொண்டு அவனைப் பற்றியே அவன் முன்னால் கிண்டல் பேசுகிறார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்குப் பேசுவதெல்லாம் புரியும், பதில் சொல்லத்தான் வராது. டிப்ஸிலும் அவர்களுக்கு ஒரு பாரபட்சம் நடக்கிறது. ஆர்டர் எடுத்து நன்றாகக் கவனித்தது அந்தப் பையனாக இருக்கும், பில் கொடுக்கும்போது தமிழில் பேசிய ஆளுக்குப் பணம் போகும். கொடுக்கும்போது யாருக்கு என்று கை காட்டிச் சொல்லுங்கள்.

கவனிப்பு சரியில்லை என்றால் கொடுக்காமல் இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் தப்பு யாருடையது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். நெய் ரோஸ்ட் வர அரைமணி நேரம் ஆனால் அது தோசைக்கல்லில் உள்ள நெருக்கடி. உள்ளே போய்ச் சர்வர் ஏற்கனவே மாஸ்டரிடம் திட்டு வாங்கியிருப்பார். ஆறிப்போன சாம்பார், உப்புக் கூடிய கூட்டு இதெல்லாம் சமையல்கட்டு. கேட்ட தண்ணீர் வரவில்லை, ஆர்டரை மாற்றி எழுதிவிட்டார், முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அது பரிமாறியவர் தப்பு. அதை அவரிடமே சொல்லுங்கள், இல்லை கேப்டனிடம் சொல்லுங்கள். சொல்லாமல் ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் தட்டில் வைத்துவிட்டுப் போவது ஆளை அவமானப்படுத்துவது. என்ன தப்பு நடந்தது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது, அடுத்த ஆளுக்கும் அதே தப்பு நடக்கும்.

டிப்ஸ் கொடுத்துக் காரியம் சாதிக்கப் பார்ப்பதும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் இருபது பேர் காத்திருக்கும்போது, சர்வர் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்து இடம் பிடிக்கச் சொல்கிறார்கள். பில்லில் ஏறாமல் ஒரு சைட் டிஷ் கொண்டுவரச் சொல்கிறார்கள். மாட்டினால் உங்களுக்கு ஒன்றுமில்லை, அவருக்கு வேலை போகும்.

அதே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இன்னொன்றையும் யோசிக்கலாம். சாப்பிட்டு முடித்துப் பில்லும் கட்டிய பிறகு, பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அந்த டேபிளில் அடுத்து உட்கார வேண்டிய ஆட்கள் வேறு வரிசைக்குப் போய்விடுவார்கள். அவரவர் டேபிள் அவரவருக்கு என்கிற ஹோட்டலில், அந்தச் சர்வருக்கு அன்றைக்கு வர வேண்டிய டிப்ஸில் ஒரு பந்தி போச்சு. பேச வேண்டியிருந்தால் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், காபி வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். அந்த நேரத்தில் யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள்.

பார்சலுக்கு டிப்ஸ் உண்டா என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு பொட்டலத்துக்கு வேண்டாம். ஆனால் வீட்டு விசேஷத்துக்கோ ஆபீஸ் பிறந்தநாளுக்கோ முப்பது சாப்பாடு சொல்கிறீர்கள் என்றால், சாம்பார் தனி, ரசம் தனி, மோர் தனி என்று ஒவ்வொரு பொட்டலமாகக் கட்டிப் பையில் அடுக்கி, ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்து வைக்கிற ஓர் ஆள் அங்கே இருக்கிறார். பார்சல் பகுதியில் பெரும்பாலும் உண்டியல் இருக்காது, சாப்பாட்டுக் கூடத்து உண்டியலிலும் அவருக்குப் பங்கு வைக்க மாட்டார்கள். ஐம்பதோ நூறோ ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.